மன்றோ துருத்தில் ஐந்து சென்ட் வாங்கலாமா?
மலிவு விலைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்க் கணக்கு

திருவனந்தபுரம்: சாலைக் கடைவீதியில் மூட்டை தூக்குபவரானாலும் சரி, சர்க்கார் ஆபீசில் பேரேடு எழுதுபவரானாலும் சரி, பிழைக்க வந்த தமிழருக்கு ஓர் ஆசை உண்டு. வாடகை வீட்டில் காலம் தள்ளியது போதும், ஓய்வு பெறுவதற்குள் சொந்தமாக ஐந்து சென்ட் வாங்கிவிட வேண்டும் என்பதே அது. தலைநகரில் அது கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே கண்கள் வெளியூர்ப் பக்கம் திரும்புகின்றன. அப்படித் திரும்பும்போது காதில் விழும் பெயர்களில் ஒன்று மன்றோ துருத்து.

கொல்லத்திலிருந்து எர்ணாகுளம் செல்லும் ரயில் பாதையில், பெரிநாடு நிலையத்தைக் கடந்து, அஷ்டமுடிக் காயலின் மேலுள்ள பெருமண் பாலத்தைத் தாண்டியதும் வருகிற சிறிய நிலையம்தான் மன்றோ துருத்து. 1988 ஜூலை 8-இல் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் காயலில் விழுந்து 105 பேர் மாண்டார்களே, அந்தப் பாலத்துக்கு அடுத்த ஊர்.

துருத்து என்றால் மலையாளத்தில் ஆற்றிடைத் தீவு. கல்லடை ஆறு காயலில் கலக்கும் இடத்தில், கிடப்பிரம், பட்டந்துருத்து, நென்மேனி, பெரிங்காலம் என்று பல துண்டுகளாகக் கிடக்கும் இந்தத் தீவுக் கூட்டம் முழுவதும் ஒரே கிராமப் பஞ்சாயத்து. பரப்பு சுமார் 13 சதுர கிலோமீட்டர். ரயில் நிலையம் இருக்கிறது, தென்னந்தோப்பு இருக்கிறது, வாசலில் காயல் இருக்கிறது. விலையும் நகரத்தை விடக் குறைவு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், விலை ஏன் குறைவு என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகே கைப்பணத்தை அவிழ்க்க வேண்டும்.

மண் வந்த கதை

1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்தவர் கர்னல் ஜான் மன்றோ. அதில் சில ஆண்டுகள் திவான் பதவியையும் அவரே வகித்தார். அவர் பெயரால்தான் இந்தத் தீவு அழைக்கப்படுகிறது. சர்ச் மிஷன் சங்கத்தார் கையில் நெடுங்காலம் இருந்த தீவு, ராணி சேது லட்சுமி பாயி ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலத்தில், 1930-இல், அரசின் வசமாயிற்று.

இந்தத் தீவைக் கட்டியது கல்லடை ஆறு. செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாக ரயிலில் வருபவர்கள் தென்மலைப் பக்கத்தில் பார்க்கும் அதே ஆறுதான். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் வெள்ளம் மலையிலிருந்து வண்டலைக் கொண்டுவந்து துருத்தின் மேல் பரப்பிவிட்டுப் போகும். வெள்ளம் வடிந்ததும் ஜனங்கள் தோட்டிலும் காயலிலும் சேறு வாரித் தென்னை மூட்டில் போடுவார்கள். தண்ணீர் அரித்துக்கொண்டு போன மண்ணை ஆறும் மனிதனும் சேர்ந்து ஈடு கட்டி வந்தார்கள். தேங்காய், நெல், கயிறு என்று ஊர் செழிப்பாகவே இருந்தது.

மண் நின்ற கதை

தென்மலையில் கல்லடை அணை 1986-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பாசனத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் வெள்ளத்தோடு வண்டலும் அணைக்குப் பின்னால் நின்றுவிட்டது. போதாக்குறைக்கு ஆற்றுப் படுகையில் மணலும் அள்ளப்பட்டது. ஆற்றின் வேகம் தணிந்த இடத்தில் கடலின் உப்பு நீர் காயல் வழியாக உள்ளே ஏறத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிலைமை மிகவும் மோசமாகிவிட்டது என்பது துருத்துவாசிகளின் வாதம். ரயில் ஓடும் அதிர்ச்சியால் மண் அமுங்குகிறது என்று சொல்வோரும் உண்டு. இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உலகெங்கும் கடல் மட்டம் உயர்ந்து வருகிறது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. கடலோடு நேர்த் தொடர்புள்ள அஷ்டமுடிக் காயல் அதற்கு விலக்காக முடியாது.

வீட்டுக்குள் ஓதம்

கடலில் ஓதம் ஏறும்போது காயலும் ஏறுகிறது. இதை இங்கே வேலியேற்றம் என்கிறார்கள். விருச்சிக மாதம், அதாவது நமது கார்த்திகை தொடங்கிச் சில மாதங்களுக்கு இது கடுமை. தாழ்ந்த பகுதிகளில் முற்றமும் நடைபாதையும் முழுகி, வீட்டுத் தரையில் தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகவேண்டியதுதான். சுவரில் உப்பு பூத்து, காரை உதிர்ந்து, செங்கல் அரிக்கிறது. கழிப்பறைத் தொட்டி நிறைந்துவிடுகிறது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்கக் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டும். தென்னையின் காய்ப்பு குறைந்தது. நெல் சாகுபடி கைவிட்டுப் போயிற்று.

மண் அடித்துத் தரையை உயர்த்துகிறார்கள். சில வருஷங்களில் மறுபடியும் உயர்த்த வேண்டியிருக்கிறது. தரை ஏற ஏற நிலைப்படி குட்டையாகிறது. இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் டெமாக் கடற்கரைக் கிராமங்களிலும் இதே கதைதான். அங்கே தரையை உயர்த்தி உயர்த்தி, வீட்டுக்குள் குனிந்து நடக்கும் நிலை வந்துவிட்டது. அந்நாட்டின் ஜகார்த்தா நகரம் தாழ்ந்துகொண்டே போவது, தலைநகரையே வேறு தீவுக்கு மாற்ற அரசு முடிவு செய்ததற்கான காரணங்களில் ஒன்று.

மன்றோ துருத்தில் பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அக்கரை போய்விட்டன. இந்த ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பது பெற்றோர்களின் ஆதங்கம். போகாமல் இருப்பவர்கள் எல்லாம் விருப்பத்தோடு இருக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. விற்றால் கிடைக்கும் பணம் அக்கரையில் மனை வாங்கக் காணாது, அதனால் இருக்கிறார்கள். கேட்ட விலைக்குக் குறைத்துத் தர ஒருவர் உடனே சம்மதித்தால், வாங்குபவர் மகிழ்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வருமானம் உண்டா?

ஊர் அடியோடு ஓய்ந்துவிடவில்லை. இறாலும் கரிமீனும் வளர்க்கிறார்கள். கொஞ்ச காலமாக உல்லாசப் பயணிகள் வரத்து அதிகம். விடியற்காலையில் சிறு வள்ளத்தில் ஏறித் தோடுகளிலும் கண்டல் மரங்களுக்கு ஊடேயும் போய்வருவதற்கு வெளிநாட்டார்கூட வருகிறார்கள். ஓணம் கழிந்து இருபத்தெட்டாம் நாள் நடக்கும் கல்லடை ஜலோற்சவத்தில் கூட்டம் அலைமோதும். வள்ளம் துழைபவருக்கும், வீட்டில் இரண்டு அறையை ஒழித்துப் பயணிகளுக்கு விடுபவருக்கும் இதனால் நாலு காசு கிடைக்கிறது.

ஆனால் இது அங்கேயே இருந்து தொழில் செய்பவரின் வருமானம். திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துக்கொண்டு, துருத்தில் நிலத்தைப் போட்டுவைத்தால் விலை தானாக ஏறும் என்று எண்ணுபவருக்கு அது உதவாது. விடுதிக்காரர் தேடுவது மேட்டு நிலம். மலிவாக வருவது பெரும்பாலும் பள்ளம்.

'நிலம்' என்றால் வயல்

தமிழர் அதிகம் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. நம் ஊரில் நிலம் என்றால் எந்த மண்ணும் நிலம். கேரளத்து வருவாய்க் கணக்கில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது நெல்வயல். வீடு கட்டத் தகுந்த மனைக்குப் 'புரயிடம்' என்று இருக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயலை இஷ்டம்போல் தூர்த்துக் கட்ட முடியாது. அந்த இடம் 'டேட்டா பேங்க்' எனப்படும் வயல் பட்டியலில் இருக்கிறதா என்று கிருஷி பவனில் கேட்டறிய வேண்டும். வீடில்லாதவருக்குச் சட்டத்தில் சிறு விலக்கு உண்டு; அதை நம்பிப் புதிதாக வாங்குவது ஆபத்து.

ஓதம் ஏறும் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் குறுக்கே நிற்கும். அஷ்டமுடிக் காயல் 2002 முதல் ராம்சர் பட்டியலில் உள்ள நீர்நிலை. ஆகவே கட்டிட அனுமதி கிடைக்குமா என்று பஞ்சாயத்தில் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

பத்திரத்துக்கு இங்கே 'ஆதாரம்' என்று பெயர். முன்னாதாரத்தையும் வில்லங்கச் சான்றையும் மலையாளம் நன்றாகப் படிக்கத் தெரிந்தவரை வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பதிவு முடிந்ததும் வில்லேஜ் ஆபீசில் 'போக்குவரவு' செய்து, தம் பெயரில் வரி கட்டினால்தான் வேலை பூர்த்தி. முத்திரைக் கட்டணம் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஐந்து லட்சம் ரூபாய் மனைக்கு ஐம்பதாயிரம் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அரசு குறித்துள்ள நியாய விலையை விட மலிவாக வாங்கினாலும், கட்டணம் நியாய விலைக்கே. தண்ணீர் ஏறியதற்காகக் கட்டணம் இறங்காது.

எப்போது பார்க்க வேண்டும்?

மிச்சம் பிடித்த பணம் முழுவதையும் போட்டு, கடைசிக் காலத்துக்கு ஒரு கூரை தேடுபவருக்குத் துருத்தின் தாழ்ந்த பகுதி ஏற்றதல்ல. வயதான காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து டாக்டரிடம் போக முடியுமா என்று யோசித்தால் போதும். மேட்டுப் பகுதியில், புரயிடம் என்று பதிவான இடம், அங்கேயே தங்கித் தொழில் செய்யும் உத்தேசம், இந்த மூன்றும் கூடி வந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

இடம் பார்க்கத் தரகர் அழைக்கும் நாளில் போகக் கூடாது. கோடையில், ஓதம் இறங்கிய வேளையில் எந்தத் துருத்தும் அழகாகத்தான் இருக்கும். கார்த்திகை, மார்கழியில், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, தண்ணீர் ஏறும் நேரத்தை ஊர்க்காரரிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் உப்புக் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். தரகர் சொல்லாத விலை அந்தச் சுவரில் எழுதியிருக்கும்.