உடல் முடங்கினாலும் உரிமை முடங்காது

இரப்பர்த் தோட்டத்தில் பொழுது புலருமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. தலைவிளக்கின் வெளிச்சத்தில் உளியேந்தி மரம் மரமாக நடப்பவருக்கும், பால் வாளியைச் சுமந்து சரிவில் இறங்குபவருக்கும், ஆலையில் உருளை இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கும் ஆபத்து எந்த நேரத்திலும் வரலாம். சிறு காயமாயின் மருந்திட்டு மறந்துவிடுகிறோம். ஆனால், முதுகெலும்பு முறிந்தோ, கை கால் போயோ, வாழ்நாள் முழுவதும் பிறர் துணையை நாடும் நிலை வந்துவிட்டால் அக்குடும்பம் என்ன செய்வது? சட்டம் அவர்களுக்கு என்ன துணை வைத்திருக்கிறது? இதனை ஈண்டு விளக்க விரும்புகிறோம்.

ஒரு குடும்பத்தின் கேள்வி

நாம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபொழுது, லயத்தின் கடைசி வீட்டில் ஒருவர் படுக்கையில் கிடப்பதைக் கண்டோம். ஏழு மாதங்களுக்கு முன்னர், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை வேளையில், அவர் தம் சொந்த மோட்டார் சைக்கிளில் பால் ஏற்றிக்கொண்டு நிறுக்கும் கொட்டகைக்குச் சென்றுகொண்டிருந்தார். செம்மண் பாதையில் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

அவருடைய மனைவி பால்வெட்டை விட்டுவிட்டு அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும் குளிப்பாட்டுவதுமாக இருந்தார். நான்காம் படிவத்தில் படித்த மூத்த மகள் பள்ளியை விட்டு நின்று, தாய் செய்த வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். சக தொழிலாளர்கள் திரட்டிக் கொடுத்த பணமும் தீர்ந்துவிட்டது.

"விபத்தைப் பற்றி எங்கேனும் மனுச் செய்தீர்களா?" என்று வினவினோம்.

"வண்டி அவருடையது, வழுக்கி விழுந்ததும் அவரேதான். தப்பு எங்கள்மேல் இருக்கும்போது யாரைப் போய்க் கேட்பது, ஐயா?" என்றார் அந்த அம்மையார்.

இக்கேள்வியில்தான் நம்மவர் பலருடைய அறியாமை அடங்கியிருக்கிறது.

தவறு யாருடையது என்பது கேள்வியன்று

1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது சமூகப் பாதுகாப்பு நிறுவனம். நாம் 'சொக்சோ' என்றும் 'பெர்கெசோ' என்றும் அழைப்பது இதனையே. 1971ஆம் ஆண்டு முதல் இது இயங்கி வருகிறது. இதன் பணி விபத்துத் திட்டத்திற்கு முதலாளியே சந்தா செலுத்துகிறார். 2019ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இத்திட்டத்தின் காப்பைப் பெறுகின்றனர்.

இச்சட்டம் கேட்பது, விபத்து வேலையின்பொருட்டு, வேலையின்போது நேர்ந்ததா என்பதேயாகும். தொழிலாளியின் கவனக்குறைவை அது பெரிதுபடுத்துவதில்லை. ஒரு விதியை மீறி நடந்திருந்தாலும், அச்செயல் முதலாளியின் தொழிலுக்காகச் செய்யப்பட்டதாயின் உரிமை போய்விடாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் காப்பு உண்டு.

வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதும், வேலை முடிந்து திரும்பும்போதும், அனுமதிக்கப்பட்ட ஓய்வு நேரத்தில் உணவருந்தச் செல்லும்போதும் நேரும் விபத்துகளும் இதில் அடங்கும். ஆனால் சொந்தக் காரியமாக வழியை விட்டு விலகிச் சென்றால் இவ்வுரிமை பாதிக்கப்படும் என்பதை மறத்தல் ஆகாது.

கிடைக்கும் உதவிகள் யாவை?

முதலாவது, சிகிச்சை. அரசாங்க மருத்துவமனையிலும் நிறுவனத்தின் பட்டியலிலுள்ள மருந்தகங்களிலும் இலவசமாகச் சிகிச்சை பெறலாம்.

இரண்டாவது, தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகை. விபத்து நேர்ந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாட்களுக்கு மருத்துவ விடுப்பு இருந்தால், சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும்.

மூன்றாவது, நிரந்தர ஊனத்திற்கான உதவித்தொகை. ஊனம் எத்தனை விழுக்காடு என்பதை மருத்துவ வாரியம் மதிப்பிடும். நூறு விழுக்காடு ஊனமாயின் சராசரி நாட்சம்பளத்தில் 90 விழுக்காடு ஆயுள் முழுவதும் கிடைக்கும். ஊனம் 20 விழுக்காட்டிற்கு மேற்படாவிடில் முழுத் தொகையையும் ஒரே தடவையில் பெறலாம். அதற்கு மேற்படின் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் ஒரே தடவையில் பெற்று, எஞ்சியதை மாதந்தோறும் பெறலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சராசரி நாட்சம்பளம் 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மருத்துவ விடுப்பின்போது நாளொன்றுக்கு 48 வெள்ளி. நூறு விழுக்காடு ஊனத்திற்கு நாளொன்றுக்கு 54 வெள்ளி. 30 நாள் கொண்ட மாதத்திற்கு 1,620 வெள்ளி. ஊனம் 50 விழுக்காடாயின் அதில் பாதி, அதாவது 810 வெள்ளி.

நான்காவது, பராமரிப்புப் படி. முற்றிலும் ஊனமுற்று, எந்நேரமும் ஒருவர் துணை வேண்டும் என்று மருத்துவ வாரியம் உறுதிப்படுத்தினால் மாதம் 500 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கும்.

ஐந்தாவது, மறுவாழ்வு. செயற்கை உறுப்பு, சக்கர நாற்காலி போன்றவற்றோடு, உடற்பயிற்சியும் தொழிற்பயிற்சியும் உண்டு. இதற்கெனவே 2014ஆம் ஆண்டில் மலாக்காவில் ஒரு பெரிய மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது.

வழக்குத் தொடுக்கலாமா?

"முதலாளிமீது வழக்குப் போட்டால் பெருந்தொகை கிடைக்குமாமே?" என்று சிலர் கேட்கின்றனர். இச்சட்டத்தின் காப்பைப் பெற்ற தொழிலாளி, வேலை விபத்துக்காகத் தம் முதலாளிமீது வேறு சட்டத்தின்படி நஷ்ட ஈடு கோருவதை இச்சட்டத்தின் 31ஆம் பிரிவு பொதுவாகத் தடுக்கிறது. யார் தவறு என்று நிரூபிக்காமலே உதவி கிடைப்பதற்கு ஈடாக ஏற்பட்ட ஏற்பாடு இது என்று கொள்ளலாம்.

வேலைக்குச் செல்லும் வழியில் அயலார் ஒருவரின் லாரியோ காரோ மோதியிருந்தால் நிலைமை வேறு. அவர்மீது நீதிமன்றத்தில் நஷ்ட ஈடு கோரலாம். தீபகற்ப மலேசியாவில் இத்தகைய வழக்கை 6 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். உடனே போலீசில் புகார் செய்வது மிகவும் இன்றியமையாதது. வழக்கறிஞரிடம் எந்தத் தாளில் கையொப்பமிடுவதற்கு முன்பும், கட்டணம் எவ்வளவு, எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

விபத்து நேர்ந்தவுடன் தோட்ட அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள். முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவிற்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அவர் அறிவிக்காவிடில் தொழிலாளியோ, குடும்பத்தாரோ, தொழிற்சங்கத்தாரோ நேரே சொக்சோ அலுவலகத்திற்குச் செல்லலாம். சந்தா கட்டப்படவில்லை என்று அறிந்தாலும் தயங்காமல் முறையிடுங்கள். சந்தாவைக் கட்டத் தவறுவது முதலாளியின் குற்றம்.

மருத்துவமனையில், விபத்து எங்கே, எப்போது, எந்த வேலையின்போது நேர்ந்தது என்பதைத் தெளிவாகக் கூறி எழுதச் செய்யுங்கள். மருத்துவ விடுப்புச் சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள், அடையாளக் கார்டின் நகல், கண்ணால் கண்டவர்களின் பெயர்கள் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டுப் பாதுகாத்து வையுங்கள். "இத்துடன் கணக்குத் தீர்ந்தது" என்று எழுதிய தாளில், படித்துப் பொருள் அறியாமல் கைரேகை வைக்காதீர்கள்.

மருத்துவ வாரியத்தின் மதிப்பீடு குறைவென்று தோன்றினால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

அக்குடும்பம் என்னவாயிற்று?

நாம் முன்னர்க் குறிப்பிட்ட அம்மையார் மறுவாரமே சங்கச் செயலாளருடன் சொக்சோ அலுவலகத்திற்குச் சென்றார். ஏழு மாதத் தாமதத்தால் அலைச்சல் மிகுந்தது. விபத்தைக் கண்ட தொழிலாளி வேறு தோட்டத்திற்குப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. நல்லவேளையாக, "பால் கொண்டு செல்லும்போது விழுந்தார்" என்று மருத்துவமனையில் முதல் நாளே எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரி பேருதவியாக இருந்தது.

இன்று அவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை வருகிறது. பராமரிப்புப் படியும் வருகிறது. அவருடைய கால்கள் திரும்பவில்லை. எந்தச் சட்டமும் அவற்றைத் திருப்பித் தர இயலாது. ஆனால் மகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டாள், வகுப்பில் ஓராண்டு பின்தங்கி. தாமதியாமல் மனுச் செய்திருந்தால் அந்த ஓராண்டும் அவளுக்கு மிஞ்சியிருக்கும்.

சொக்சோ உதவி யாரும் இடும் பிச்சையன்று. உங்கள் உழைப்பின் பேரில் செலுத்தப்பட்ட சந்தாவினால் விளைந்த உரிமை. இக்கட்டுரையை வாசித்தவர்கள், வாசிக்க இயலாத அண்டை வீட்டாருக்கும் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.