அம்மா கண்ணை மூடு, பாப்பா கண்ணைப் பார்!

சத்தம் போடாமல் வாருங்கள், நார்வேயில் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்ப்போம்! இங்கே வருபவர்களில் பலருக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. பேச்சே வராத பாப்பாவுக்கு நாம் சொல்லும் சொல் புரிகிறதா? அதைத்தான் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள்.

யாரிடம் கேட்பது? கண்ணிடம்தான்! அம்மா மடியில் பாப்பா, எதிரே ஒரு திரை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கருவிழியில் பட்டு மினுங்க, அந்த மினுக்கத்தைக் கேமரா பிடித்துக்கொள்கிறது. பார்வை எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எல்லாம் பதிவு! திரையில் இரண்டு படங்கள். ஒன்றின் பெயர் காதில் விழுகிறது. பெயருக்கு உரிய படத்தைப் பாப்பா கூடுதல் நேரம் பார்த்தால் புரிந்திருக்கிறது என்று கணக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: இப்படிப்பட்ட சோதனைகளில் அம்மா திரையைப் பார்க்க முடியாதபடி அவர் கண்ணை மறைத்துவிடுவார்கள்! இல்லாவிட்டால் தன்னையறியாமல் சரியான படத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்துவிடுவாரே. மடியில் இருக்கும் வாண்டு அதை டக்கென்று பிடித்துக்கொள்ளும். சொல்லைக் கேட்டுக் கண் திரும்பவே கிட்டத்தட்ட நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும் என்பதால், அதற்கு முந்தைய பார்வையையும் கணக்கில் சேர்ப்பதில்லை. இத்தனூண்டு ஆளுக்கு எவ்வளவு நியாயம் பாருங்கள்!

ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கே பல சொற்கள் புரிகின்றன என்று 2012-இல் அமெரிக்காவில் எலிகா பெர்கெல்சனும் டேனியல் ஸ்விங்லியும் சொன்னார்கள். நார்வே பாப்பாக்களிடம் அதையே சோதித்தார்கள் நதாலியா கர்த்துஷினாவும் ஜூலியன் மேயரும். 2019-இல் வெளியான முடிவு? முதலில் திட்டமிட்ட கணக்குப்படி, புரிந்ததற்குச் சான்று இல்லை! மேலும் துருவிப் பார்த்தபோது எட்டு, ஒன்பது மாதக்காரர்களிடம்தான் அறிகுறி தென்பட்டது.

அவர்கள் எழுப்பிய சந்தேகம் அபாரம். அர்த்தம் தெரியாமலே, ‘அடிக்கடி கேட்ட சொல்லா இருக்கே, அப்போ அடிக்கடி பார்த்த பொருளாத்தான் இருக்கும்’ என்று பாப்பா ஊகித்தால்? சம அளவில் பழகிய இரண்டு பொருள்களை ஜோடி சேர்த்துவிட்டால் அந்தத் துப்பு போய்விடும். கெட்டிக்கார ஏற்பாடு! ஆனால் அந்த ஊகம்தான் என்னைத் துள்ள வைக்கிறது. சொல் புரியும் முன்பே பழகியது எது, பழகாதது எது என்று ஒரு மூளை கணக்குப் போடக்கூடுமே!

ஆஸ்லோவிலேயே தமிழும் நார்வேஜியமும் ஒருசேரக் கேட்டு வளரும் நம் பாப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கணக்கை எப்படிப் போடுவார்கள்? அதை யாராவது சோதிக்கும் நாளில் முதல் ஆளாக எட்டிப் பார்க்க நான் ரெடி!