கண்ணு ஓகே... காது எங்கே பாஸ்?

பஸ்ல போகும்போது முன் சீட்டுக் கம்பியில தாளம் போட்டிருக்கீங்களா? கிளாஸ்ல பெஞ்சைத் தட்டி லெக்சரர்கிட்ட திட்டு வாங்கியிருக்கீங்களா? அப்படின்னா இந்தக் கதை உங்களுக்குத்தான். 'தாளம் எல்லாம் நமக்கு ரத்தத்துலயே இருக்கு மச்சி' என்று காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தவன்தான் நானும். அந்தக் காலரை ஒரு கம்ப்யூட்டர் கேம் பிடித்து உலுக்கி, 'தம்பி, உனக்குத் தாளமே வராது' என்று மில்லிசெகண்ட் கணக்கோடு நிரூபித்த சோகக் கதை இது.

கேமின் பெயர் 'ஓசு!'. அந்த ஆச்சரியக்குறியும் பெயரோட சேர்த்திதான். சின்ன வயசுல கராத்தே கிளாஸ் போனவங்க மாஸ்டர் முன்னாடி குனிந்து 'ஓஸ்' என்று கத்தியிருப்பீங்களே, அதே ஜப்பான் வார்த்தைதான். பேர்தான் ஓசு, கிடைப்பதும் ஓசி! டவுன்லோடு பண்ணினோமா, ஆடினோமா என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஹாஸ்டல்வாசிக்கு வேறென்ன வேணும்?

பாட்டுக்கு ஏத்த மாதிரி பட்டன் தட்டுகிற இந்த வகைக்கு ரிதம் கேம் என்று பேர். 1996-ல் ஜப்பானில் 'பாராப்பா தி ராப்பர்' என்று ஒரு காகித நாய்க்குட்டி ராப் பாடிக்கொண்டு வந்தது. 1997-ல் 'பீட்மேனியா', 1998-ல் அம்புக்குறியை மிதிச்சு ஆடுற 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்'. மால்ல கேம் சோன் பக்கம் போனால் நாலு பேர் குதிச்சுக்கிட்டிருப்பாங்களே, அந்த டான்ஸ் மெஷின்களுக்கு எல்லாம் அதுதான் தாத்தா. 2005-ல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் கிடாரோடு 'கிடார் ஹீரோ' இறங்கியது. அதே வருஷம் ஜப்பானில் நின்டென்டோ டி.எஸ். கருவிக்கு, ஆட்டம் போட்டு ஆளுங்களை உசுப்பேத்துற ஒரு உற்சாகப் படையை ஹீரோவாக்கி ஒரு கேம் வந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டீன் ஹெர்பர்ட்டுக்கு அதைப் பார்த்துத்தான் பொறி தட்டியது. 2007-ல் அவர் கம்ப்யூட்டருக்குச் செய்ததுதான் ஓசு! இதுல ஸ்பெஷல் என்னன்னா, எந்தப் பாட்டுக்கும் எங்கே எப்போது தட்டணும் என்கிற வரைபடத்தை ஆடுறவங்களே தயாரிக்கலாம். அதை 'மேப்' என்பார்கள்.

ஆட்டம் பார்க்க ரொம்ப சிம்பிள். திரையில் ஒரு வட்டம் வரும். அதைச் சுத்தி பெரிய வளையம் ஒண்ணு சுருங்கிக்கிட்டே வரும். வளையம் வட்டத்தோடு ஒட்டுகிற கணத்தில் மவுஸை அங்கே வைத்து, கீபோர்டில் இசட் அல்லது எக்ஸைத் தட்டணும். அந்தக் கணம்தான் பாட்டின் பீட்டு. அவ்வளவுதான். எங்க வீட்டு வாண்டுகூட ஆடிடும்... ஈஸி லெவல்ல!

கொஞ்சம் கஷ்டமான மேப்புக்குப் போனால்தான் கேமோட கறார்த்தனம் தெரியும். நான் மாட்டிக்கொண்ட லெவலில், பீட்டுக்கு முன்னேயோ பின்னேயோ 32 மில்லிசெகண்டுக்குள் தட்டினால் 300 பாயின்ட். 76-க்குள் என்றால் 100. 120-க்குள் என்றால் வெறும் 50. அதையும் தாண்டினால் 'மிஸ்', அதுவரை கட்டி வைத்த காம்போ மொத்தமும் காலி. நீங்க ஒரு தடவை கண் சிமிட்டவே 100 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும் பாஸ்!

முதல் ரெண்டு மாசம் நான்தான் ராஜா. ஈஸி, நார்மல், ஹார்டு என்று வாரத்துக்கு ஒரு படி ஏறினேன். மெஸ்ஸில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போதும் விரல் தட்டைத் தட்டிக்கொண்டிருக்கும். 'இன்னும் ஒரு மாசத்துல எக்ஸ்பர்ட்டு' என்று ரூம்மேட்டிடம் சவால் எல்லாம் விட்டேன். அவன் பதில் சொல்லாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான். புத்திசாலி.

அடுத்து 'இன்சேன்' லெவல். பேரைப் பார்த்தே உஷாராகியிருக்கணும். ஒரு பாட்டு, 180 பி.பி.எம். அதாவது நிமிஷத்துக்கு 180 பீட்டு. ஒரு பீட்டை நாலாகப் பிரித்துத் தொடர்ந்து தட்டச் சொன்னால் நொடிக்கு 12 தட்டு. அதைக்கூட ரெண்டு விரலும் ததிங்கிணத்தோம் போட்டுச் சமாளித்துவிட்டது. ஆனால் 1 நிமிஷம் 12-வது நொடியில் ஒரு இடம் வரும் பாருங்க... அங்கே போனதும் காம்போ புட்டுக்கும். அடுத்த நாளும் அதே இடம். அடுத்த வாரமும் அதே இடம். ஆறு மாசம்! இன்டர்னல் டெஸ்ட்ல எழுத உட்கார்ந்தால்கூட மனசுக்குள் 1:12 ஓடும். மார்க்கும் அதுக்கு ஏத்த மாதிரிதான் வந்தது. ரெண்டு தடவை கேமையே அழிச்சுட்டு, மூணாவது நாள் வெட்கமில்லாமல் திரும்ப டவுன்லோடு பண்ணினேன்.

நான் சொல்லாத சால்ஜாப்பு இல்லை. மவுஸ் சரியில்லை என்று ஜூனியரிடம் கடன் வாங்கினேன். லேப்டாப் சூடாகுது என்று அடியில் ரெண்டு நோட்டை முட்டுக் கொடுத்தேன். ராத்திரி ரெண்டு மணி வரை வெறியாகத் தட்டியதில் முன்னங்கை இறுகிப்போய், பேனா பிடிக்கவே வலித்தது. பத்து நாள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. (வலியோடு ஆடுறதை வீரம்னு நினைக்காதீங்க. அந்தப் பத்து நாளும் ரெக்கார்டு நோட்டை ரூம்மேட் கையில் காலில் விழுந்து எழுத வைத்தது எனக்குத்தான் தெரியும்.)

மவுஸ் கடன் கொடுத்த அந்த ஜூனியரால்தான் கதையில் திருப்பமே. கும்பகோணம் பக்கத்துப் பையன், பேசவே காசு கேட்கிற டைப். மவுஸைத் திருப்பி வாங்க வந்தவன் கதவோரமாய் நின்று நான் ஆடுறதைப் பார்த்தான். பாட்டு என் இயர்போன்ல ஓடுது, அவனுக்குக் கேட்பது கீபோர்டு சத்தம் மட்டும்தான். அதை வைத்தே சொன்னான்: "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க முந்துறீங்க."

எனக்கு வந்ததே கோபம்! "பாட்டே கேக்காம எப்படிடா சொல்றே?"

"சில தட்டு முந்துது, அடுத்தது தயங்குது. ஓட்டமே இல்லண்ணே."

இயர்போனில் ஒரு பக்கத்தைக் கழட்டிக் கொடுத்தேன். பத்து நொடி கேட்டிருப்பான். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னண்ணே, மின்னல் இப்ப வெட்டுது, இடி அப்புறம் இடிக்குது?"

அது ப்ளூடூத் இயர்போன் மக்களே! வயர் இல்லாத இயர்போனுக்குப் பாட்டு போய்ச் சேரவே 100, 200 மில்லிசெகண்ட் ஆகிவிடும். படம் பார்க்கும்போது நமக்கு இது தெரியாது. ஏன்னா வீடியோ பிளேயர் படத்தையும் அந்த அளவுக்குத் தாமதப்படுத்தி ஒட்டவைத்துவிடும். கேமில் அந்த வித்தை நடக்காது, தட்டுறது நீங்களாச்சே! ஆஃப்செட் என்று ஒரு செட்டிங் இருக்கு, பாட்டைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிக்கலாம். ஆனால் நாம் தட்டும்போது வருகிற 'டொக்' சத்தம் அப்பவும் லேட்டாகத்தான் காதுக்கு வரும். 32 மில்லிசெகண்ட் கெடு வைத்திருக்கிற கேமில் 200 மில்லிசெகண்ட் லேட்டான பாட்டைக் கேட்டு ஆடியிருக்கிறேன் நான்.

அப்போ இத்தனை நாள் ஹார்டு வரைக்கும் எப்படி ஜெயித்தேன்? அங்கேதான் விஷயமே இருக்கு. காது சொல்வது தப்பு என்று புரிந்துகொண்ட என் மூளை, எனக்கே சொல்லாமல் காதைக் கழட்டி ஓரமாய் வைத்துவிட்டது. வளையம் சுருங்குவதை மட்டும் பார்த்துக் கண்ணாலேயே ஆடியிருக்கேன். ஹார்டு வரைக்கும் அது ஓடும். ஏன்னா, சுலபமான மேப்பில் ரெண்டு வட்டத்துக்கு நடுவே எவ்வளவு தூரமோ அதுக்கு ஏத்த நேரம். பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் தட்டு, தள்ளி இருந்தால் லேட்டாகத் தட்டு. இன்சேன் லெவலில் அந்தக் கணக்கு உடைந்துவிடும். தூரம் ஒண்ணு சொல்லும், நேரம் ஒண்ணு சொல்லும். போதாக்குறைக்கு ஏ.ஆர். வேற! உடனே ரஹ்மானை நினைக்காதீங்க, இது 'அப்ரோச் ரேட்'. ஏ.ஆர். 5 என்றால் வட்டம் தோன்றி, தட்டவேண்டிய கணம் வர 1200 மில்லிசெகண்ட் டைம் இருக்கும். ஏ.ஆர். 9-ல் அது பாதியாகி 600. கண்ணை மட்டும் நம்பினவன் அங்கே நொந்து நூலாக வேண்டியதுதான்.

பத்து நிமிஷத்தில் தம்பி பக்கத்து ரூமிலிருந்து ஒரு வயர் இயர்போன் கொண்டுவந்தான். அதை மாட்டிக்கொண்டு 1:12-ஐத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். தொடையில் தட்டினான். "இந்த இடத்துல நடை மாறுதுண்ணே. அதுவரைக்கும் தகதிமி தகதிமின்னு நாலு நாலா போகுது. இங்க தகிட தகிடன்னு மூணு. நீங்க மூணையும் நாலுன்னு நினைச்சு அடிக்கிறீங்க." ஆறு மாசம், பாஸ். ஒரு தகிட!

"உனக்கு எப்படிடா இதெல்லாம்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பா தவில் வித்வான், தானும் பத்து வயசிலிருந்து வாசிக்கிறதாகச் சொன்னான். "இங்க யார்கிட்டயும் சொல்லலண்ணே. 'பீப்பீ டும்டும்'னு கிண்டல் பண்ணுவாங்க." நானே போன மாசம் ஒரு கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு அப்படி ஒரு கிண்டல் அடித்தது ஞாபகம் வந்தது. அவனும் அன்னிக்கு ரூமில்தான் இருந்தான்.

பேச்சை மாத்தணுமே என்று அவனையே ஆட வைத்தேன். மவுஸ் பிடிக்கத் தெரியாமல் இருபது நொடியில் அவுட். ஓசுவில் 'ஆட்டோபைலட்' என்று ஒண்ணு இருக்கு. குறிபார்க்கும் வேலையை கேமே செய்துவிடும், நாம் தாளம் மட்டும் தட்டினால் போதும். அதைப் போட்டுக் கொடுத்தேன். அடியில் ஒரு கோடு ஓடும், ஒவ்வொரு தட்டும் எவ்வளவு முந்தியது, பிந்தியது என்று காட்டும். என் தட்டெல்லாம் கல்யாண வீட்டு அரிசி மாதிரி சிதறும், அதிலும் முக்கால்வாசி முந்தின பக்கம். அவன் தட்டு நடுக்கோட்டில் ஈ மாதிரி மொய்த்தது! தட்டு எவ்வளவு சிதறுது என்பதை 'அன்ஸ்டேபிள் ரேட்' என்று கேம் நம்பராகவே சொல்லும், குறைய குறைய நல்லது. எனக்கு 200-க்கு மேல, அவனுக்கு 100-ஐ ஒட்டி. வாழ்க்கையில் முதல்முறை அந்தக் கேமைத் தொட்டவன்!

முந்துறது என் தனிப்பட்ட வியாதி இல்லை என்பது அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. சீரான டிக்... டிக்... சத்தத்துக்கு விரலால் தட்டச் சொன்னால், மனுஷங்க பொதுவாகவே சில பத்து மில்லிசெகண்ட் முந்தித்தான் தட்டுவாங்களாம். தான் சரியாகத் தட்டுவதாகவே அவங்களுக்குத் தோணும். இசைப் பயிற்சி உள்ளவங்களுக்கு அந்த வித்தியாசம் குறைவு. பல ஆய்வுகள்ல பார்த்த விஷயம் இது.

தம்பி கொடுத்த ட்ரீட்மென்ட் ஒண்ணே ஒண்ணுதான். கீபோர்டைத் தொடாதே, முதல்ல வாயால் சொல்லு. அவங்க வீட்டிலும் குச்சியைக் கையில் கொடுப்பதற்கு முன்னாடி வாயில்தான் பாடமாம். பாத்ரூமில் தகிட, பஸ் ஸ்டாப்பில் தகதிமி என்று நான் முணுமுணுத்துத் திரிந்ததில், 'பையனுக்கு லவ் செட் ஆயிடுச்சு' என்று ஹாஸ்டலே கிசுகிசுத்தது.

உடனே சூப்பர்ஸ்டார் ஆகிவிட்டேன் என்று நினைக்காதீங்க. வயர் இயர்போனுக்கு மாறிய முதல் மூணு வாரம் என் ஸ்கோர் ஹார்டு லெவலிலேயே கவிழ்ந்தது. காது இப்போதான் சரியாகச் சொல்கிறது, கண்ணோ பழைய பதவியை விட மாட்டேன் என்கிறது. ரெண்டும் சண்டை போட்டு நடுவில் விரல் முழித்தது. மூணு மாசம் பழகி ஜெயித்த மேப்பை எல்லாம் திரும்ப அரிச்சுவடியிலிருந்து ஆடுவது எவ்வளவு கடுப்பு தெரியுமா? 'பழைய ப்ளூடூத்தே மேல்' என்று ஒரு ராத்திரி அதை எடுத்து மாட்டினேன்கூட. ஒரே நிமிஷம்தான், கழட்டி வைத்துவிட்டேன். லேட்டாக வருவது இப்போது காதுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்த பிறகு தாங்க முடியவில்லை.

ரெண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை 1:12-ஐத் தாண்டினேன். தாண்டிய அதிர்ச்சியில் 1:15-ல் மிஸ்! அது வேற கதை. அந்தப் பாட்டில் முழு காம்போ எனக்கு இன்னிக்கு வரைக்கும் வரவில்லை. இப்போதைக்கு 3 மிஸ்.

தை மாச முகூர்த்தத்துக்கு ஊருக்குப் போய் அப்பாவோடு வாசித்துவிட்டு வந்தான் தம்பி. பையில் விரலில் மாட்டுகிற கூடுகளைப் பார்த்த எதிர் ரூம் பசங்க 'என்னடா இது' என்று கேட்டதும், இந்தத் தடவை மறைக்கவில்லை. கட்டில் பலகையில் அஞ்சு நிமிஷம் வாசித்தே காட்டிவிட்டான். விசில் பறந்தது. நான்தான் ரெண்டு மடங்கு விசில் அடித்தேன், எனக்குக் கொஞ்சம் பழைய பாக்கி இருந்தது.

அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் ஒரே லேப்டாப் முன்னாடி உட்கார்ந்தோம். குறிபார்ப்பது என் மவுஸ், தட்டுவது அவன் விரல். இயர்போனை ஆளுக்கு ஒரு காது. 1:12 வந்தது, போனது, நான் கவனிக்கவே இல்லை. 1:15-ம் போனது. காம்போ 400-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது வார்டன் வந்து கதவை டொக் டொக்கென்று தட்டினார்.

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "லேட்டுண்ணே."