‘டக்’ என்னும் சத்தம் ஏன்?

பள்ளி ஆண்டு விழாவின் சேர்ந்திசைக்காக நாங்களே கணிப்பொறியில் ஒரு சுருதி ஒலியை உருவாக்கினோம். ஐந்து கட்டைக்குரிய ஸட்ஜம். விநாடிக்கு ஏறத்தாழ 196 அதிர்வுகள். ஒலி இனிமையாகவே இருந்தது. ஆனால் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ‘டக்’ என்றொரு சத்தம்! அதைக் கேட்டதும் சிறு வகுப்புத் தங்கைகள் சிரித்துவிடுவர், பாட்டு நின்றுவிடும். ஒலிபெருக்கியைக் குறை கூறினோம், கம்பியை மாற்றினோம். பயனில்லை. விழாவுக்கு மூன்றே நாட்கள். “குற்றம் கருவியில் இல்லை, நீங்கள் ஒலியை வெட்டிய விதத்தில் இருக்கிறது” என்றார்கள் எங்கள் இயற்பியல் ஆசிரியை.

ஒலி என்பது அலை. அது நடுநிலையிலிருந்து ஏறி, இறங்கி, மீண்டும் நடுநிலைக்கு வருகிறது. அலை உச்சியில் இருக்கும்போது திடீரென அறுத்தால், ஒலிபெருக்கியின் கூம்புத் தாள் ஒரே தாவலில் நடுநிலைக்குத் திரும்ப நேரிடுகிறது. ஓடும் பேருந்து சட்டென்று நின்றால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? அது போன்றதே இது. அத்தாவலில் நம் சுரம் மட்டும் இல்லை. தாழ்ந்தவை முதல் உயர்ந்தவை வரை பல அதிர்வெண்கள் ஒரு கணம் கலந்து எழுகின்றன. அதுவே ‘டக்’.

அருணாசலேசுவரர் கோயில் மணியையும் தேவாலய மணியையும் நாம் நாள்தோறும் கேட்கிறோம். அவை தாமே மெல்லத் தேய்ந்து மறைவதால் முடிவில் ‘டக்’ எழுவதில்லை.

அம்மணிகளின் வழியையே நாங்களும் பின்பற்றினோம். எங்கள் ஒலியில் விநாடிக்கு 44,100 எண்கள். முதல் 441 எண்களை, அதாவது விநாடியில் நூறில் ஒரு பங்கை, சுழியிலிருந்து ஒன்று வரை படிப்படியாக ஏறும் பின்னங்களால் பெருக்கினோம். கடைசி 441 எண்களை ஒன்றிலிருந்து சுழி வரை இறங்கும் பின்னங்களால் பெருக்கினோம். ‘டக்’ மறைந்தது! சிந்தசைசர்களில் இதற்கென்றே ‘அட்டாக்’, ‘ரிலீஸ்’ என்னும் அமைப்புகள் உண்டு. ஆனால் ஏற்றத்தை மிகவும் நீட்டினால், தாள ஒலிகள் தம் அழுத்தத்தை இழந்துவிடும்.

1935-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஹாமண்ட் மின் ஆர்கனிலும் கட்டையை அழுத்துகையில் இத்தகைய சத்தம் எழுந்தது. குறையெனக் கருதப்பட்ட அதனை ஜாஸ் இசைஞர்கள் பின்னர் விரும்பி ஏற்றனர். சுருதிக்கோ அது ஆகாது.

விழாவன்று தங்கைகள் சிரிக்கவில்லை. சுருதியோடு இணைந்து பாடினார்கள். கருவியைப் பழிக்குமுன் காரணத்தைத் தேட வேண்டும் என்பதை நாங்களும் கற்றுக்கொண்டோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி