மழையில் பிரி, பனியில் ஓட்டு

இன்ஜினுக்கு அடியில் இருந்த நட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது ஆயில் இல்லை, தண்ணீர். அரை டம்ளர் இருக்கும். அதன் பின்னால், பால் அதிகமாகிப்போன காப்பி நிறத்தில், கொழகொழவென்று ஒன்று இறங்கியது. மெக்கானிக் பாய் அதை விரலால் தொட்டு, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். "முடிச்சூர்ல வெள்ளம் வடிஞ்சிடுச்சு சார். இதுக்குள்ள இன்னும் வடியல."

வண்டி 1984ஆம் வருடத்து புல்லட் 350. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு கரை மீறி, முடிச்சூர் தெருக்களில் படகு ஓடியது. அங்கே ஒரு வீட்டு வாசலில் நின்ற இந்த வண்டி பெட்ரோல் டேங்க் வரை மூழ்கிப்போனது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு இருந்தேன் தம்பி" என்றார். 2024 ஆனி மாதம் நான் போய் நின்றபோது அந்த அடுத்த மாசம் எட்டரை வருடம் ஆகியிருந்தது. 45 ஆயிரம் ரூபாய் பேசி, பெருங்களத்தூருக்கு ஒரு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

எனக்கு தாம்பரம் மின்ரயில் பணிமனையில் வேலை. பாதி மாதம் இரவு ஷிஃப்ட். ஒயரும் ரிலேவும் எனக்குத் தெரியும், பிஸ்டன் தெரியாது. அது பாய்க்குத் தெரியும். நாற்பது வருடமாக புல்லட் மட்டுமே பார்க்கிற கை. அவர் சொன்ன முதல் விஷயம்: "தண்ணில நின்ன வண்டிய ஆசைக்குக்கூட உதைக்காதீங்க."

காரணம் எளிது. காற்றையும் பெட்ரோல் ஆவியையும் பிஸ்டன் அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது உதைத்தால் கனெக்டிங் ராடு வளையும். சாவியைத் திருப்பினால் நனைந்த ஒயரிங் ஷார்ட் ஆகும். முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும், பிறகு ஸ்பார்க் பிளக்கை எடுக்க வேண்டும், அப்புறம்தான் ஆயில். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் இன்ஜின், கிளட்ச் பக்கத்து செயின் கேஸ், கியர் பாக்ஸ் மூன்றும் தனித்தனி அறைகள். ஒன்றில் ஆயில் சுத்தமாக இருக்கிறது என்று மற்ற இரண்டை நம்ப முடியாது. எங்கள் வண்டியில் மூன்றிலும் வெள்ளம் இருந்தது.

முதலில் நம்பர்

பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. வாங்குவதற்கே முன்னால் செய்ய வேண்டியது அது. சேசிஸ் கழுத்தில் அடித்திருக்கும் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் தேய்த்துத் துடைத்து, மேலே காகிதம் வைத்து பென்சிலால் உரசிப் படி எடுங்கள். ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தும் ஒத்துப்போகிறதா பாருங்கள். இன்ஜின் எவ்வளவு கெட்டிருந்தாலும் செய்துவிடலாம். எண் ஒத்துப்போகாத வண்டியை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது.

தனியார் வண்டியின் பதிவு 15 வருடத்துக்கு. அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். வாத்தியார் 1999, 2004, 2009, 2014 என்று தவறாமல் புதுப்பித்திருந்தார். 2019இல் வண்டி தார்ப்பாய்க்குள். ஆகவே தாமதக் கட்டணம் என் தலையில். ஆய்வாளர் முன்னால் வண்டி ஓடி, நின்று, விளக்கு எரிந்து, ஹாரன் அடித்துக் காட்டினால்தான் புதுப்பிப்பார்கள். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம், ஆனால் அவற்றை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. என் வண்டிக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. அதில் எனக்கு நிம்மதிதான்.

ஐப்பசியில் பிரித்தது

சாமான் தேடி புதுப்பேட்டை போனோம். எழும்பூரை ஒட்டிய அந்தத் தெருக்களில் ஒரு வண்டியை முழுதாகக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் துண்டு துண்டாகத் தொங்கும். அதே துண்டுகளை வைத்து இன்னொரு வண்டியைப் பிறப்பிக்கவும் செய்வார்கள். பழைய ஒரிஜினல் சாமான் கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்வார் பாய். "புதுசு பளபளப்பா இருக்கும், பழசு கனமா இருக்கும். கையில தூக்கிப் பாருங்க" என்பார்.

ஐப்பசியும் கார்த்திகையும் முழுக்கப் பிரிக்கிற வேலை. வெளியே மழை, உள்ளே மண்ணெண்ணெய் வாசம். சிலிண்டர் சுவரில் துரு ஒரு வளையமாகப் படிந்திருந்தது. தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று அதுவே காட்டியது. லேத்தில் கொடுத்து போர் போட்டு, 'இருபது ஓவர்சைஸ்' அளவில் ஒரு பிஸ்டன் வாங்கினோம். 70 மில்லிமீட்டர் விட்டம் சற்று அகலமாகி, துரு வளையம் போய், உட்புறம் கண்ணாடிபோல ஆனது. பிரேக் ஷூ, கேபிள், டயர், டியூப் எல்லாம் புதிது. இவை இன்ஜினுக்கு முன்னாலேயே முடிந்தன. ஓடுகிற வண்டியை நிறுத்தத் தெரியாமல் ஓட வைத்து என்ன பயன்?

பெட்ரோல் டியூபும் வாஷர்களும்கூட மாற்றியாயிற்று. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் டேங்க்கையும் கார்பரேட்டரையும் வடித்துவிடுவது நல்லது.

மார்கழி பிறந்ததும் எனக்கு அவசரம். பெயின்ட் அடித்துவிடலாம் என்றேன். பாய் மறுத்துவிட்டார். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது ஸ்ப்ரே அடித்தால் பெயின்ட் காய்வதற்குள் பனி பிடித்து, மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் தை முழுக்க என் புல்லட் சாம்பல் நிற ப்ரைமரோடுதான் ஊர் சுற்றியது. கறுப்பு ஏறியது மாசி வெயிலில்.

முள் சொல்லும் நேரம்

பழைய புல்லட்டைக் கிளப்புவது ஒரு பழக்கம். சாவி போட்டதும் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்ப் மீட்டரில் முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கரை மெல்ல மெல்ல அமுக்க வேண்டும். ஓர் இடத்தில் முள் சட்டென்று நடுவுக்கு வரும். காண்டாக்ட் பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். முதல் வாரம் என் கெண்டைக்காலில் நீலம் பூத்திருந்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இதைப் பழகவும் ஒரு வாரம் ஆனது.

போர் போட்ட இன்ஜினை முதல் 500 கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது. நாற்பது, ஐம்பதுக்குள் ஓட்டி, நடுநடுவே நிறுத்தி ஆறவிட வேண்டும். புது ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று உரசிப் பதம் ஆகும் நேரம் அது. காற்று பட்டுத்தான் இந்த இன்ஜின் ஆறும். அதனால் பதம் பார்க்கக் குளிர்ந்த மாதம் வேண்டும். மழையில் பிரித்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஐப்பசியில் பிரித்தால் தையில் ஓட்டலாம். பங்குனியில் பிரித்தவன் அக்னி நட்சத்திரத்தில் போய் நிற்பான்.

எங்கள் ஊர் வெயில் சாதாரணம் இல்லை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடற்காற்று தாமதமாக வரும் நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் சிக்கினால், ஓட்டுகிறவனுக்கு முன்னால் இன்ஜின் திணறும். ஆடியில் புழுதிக் காற்று பக்கவாட்டில் தள்ளும். எல்லாவற்றையும்விட மோசமானது கோடைக்குப் பிறகு வரும் முதல் மழை. மாதக்கணக்கில் சாலையில் படிந்த ஆயிலும் டயர் தூளும் தூறலோடு கலந்து வழுக்கும். அந்த அரை மணி நேரத்தை டீக்கடையில் கழியுங்கள். நன்றாகப் பெய்து கழுவிவிட்டால் சாலை மறுபடி பிடிக்கும்.

மார்கழி விடியல் அழகுதான். ஆனால் பனியில் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு கிட்டே போனால்தான் தெரியும். போகி அன்று டயர் புகையும் பனியும் கலந்துகொள்ளும், வண்டியை எடுக்கவே வேண்டாம். என் கணக்கில் தை பாதியிலிருந்து மாசி முடியும் வரைதான் நல்ல நேரம். காலை ஆறிலிருந்து ஒன்பது. பனி விலகியிருக்கும், சாலை காய்ந்திருக்கும், வெயில் முதுகில் இதமாக விழும்.

அப்படி ஒரு மாசி ஞாயிறு, ஷிஃப்ட் முடிந்து தூங்காமலே வேடந்தாங்கல் போனேன். செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைத் தாண்டும்போது இன்ஜின் சத்தம் ஒரே சீராக இருந்தது. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பறவைகள் நிறைந்திருந்தன. அவையும் நவம்பரில் வந்து மார்ச்சில் திரும்புகிறவை. இந்த ஊர் வானிலை அவற்றுக்கும் தெரியும்.

இன்னொரு நாள் படப்பை வழியாக ஒரகடம் போனேன். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு கைகோத்து, திருவொற்றியூரில் தொடங்கிய வண்டி இது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியின் உற்பத்தி 1970இல் நின்றது. இங்கே நிற்கவில்லை. 2013இல் ஒரகடத்திலும் தொழிற்சாலை வந்தது. அதன் வாசலில் புதிய வண்டிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. நாற்பது வயதான என் வண்டி எதிரே நின்று கொஞ்சம் ஆயில் சொட்டியது. பழைய புல்லட்டுக்கு அது வியாதி இல்லை, குணம்.

மொத்தச் செலவு, வாங்கிய விலை போக, 52 ஆயிரம். இந்தப் பணத்துக்கு ஓடுகிற பழைய வண்டி வேறு கிடைக்கும், லாபக் கணக்குப் பார்ப்பவர்கள் அதையே வாங்கலாம்.

முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் 2015இலும் 2023இலும் மூழ்கிய வண்டிகள் இன்னும் எத்தனையோ தார்ப்பாய்க்குள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், அடுத்த மாசம் என்று சொல்லாமல் இந்த ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயைத் தூக்குங்கள். உதைக்காதீர்கள். பேட்டரியையும் ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் நட்டைக் கழற்றி, உள்ளிருந்து என்ன வருகிறது என்று பாருங்கள்.