வாட்டைப் பார்க்காதீர்கள், காதைக் கேளுங்கள்!

திருவண்ணாமலைத் தீபத் திருவிழா என்றதும் கூம்பு ஒலிபெருக்கிதானே நினைவுக்கு வருகிறது? கூட்டத்தில் தவறிப்போன குழந்தையின் பெயரைக் கூவ அதற்கு நிகர் ஏது! ஆனால் சங்கீதத்தை அதனிடம் ஒப்படைத்தால் நடுக்குரல் கிறீச்சிடும். அடிக்குரல் அடியோடு மறைந்துவிடும்.

ரமண பக்தரான இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பனி 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் அரங்கேறியது. இப்படிப்பட்ட வாத்திய கோஷ்டியை வீட்டுக்கு அழைக்க ஆசையா, சகோதரிகளே?

கடைக்காரர் "ஆயிரம் வாட்" என்றால் மயங்காதீர்கள். வாட் என்பது சக்திக் கணக்கு, இனிமைக் கணக்கல்ல. பல வாத்தியங்கள் கலந்த, உங்களுக்கு நன்கு பழகிய இசையையே போடச் சொல்லுங்கள். டபுள் பாஸ் என்னும் பெரிய வயலினின் அடிநாதம் விநாடிக்குச் சுமார் 41 அதிர்வு. சின்னஞ்சிறு பெட்டிக்கு அது எட்டாது. அதற்காக 'திம் திம்' என்று முழங்கினாலும் தவறுதான், ஸ்வரம் தெரியவேண்டும். சத்தத்தைக் குறைத்தபோதும் புல்லாங்குழலும் வயலினும் தனித்தனியே கேட்கின்றனவா?

அதே பணத்துக்கு மலிவான ஐந்தைவிட நல்ல இரண்டு மேல். அவற்றை மூலையில் திணிக்காதீர்கள்; அடிநாதம் குழம்பும். இரண்டும் நீங்களும் முக்கோணமாக, உட்காரும்போது காது மட்டத்தில் இருக்கட்டும். எதிரொலிக்கும் கூடமானால் தரையில் ஒரு ஜமக்காளம், ஜன்னலுக்குத் திரை. செலவு சொற்பம், பலன் அதிகம்!

கடுகு வெடிக்கும் ஓசையிலேயே தாளிப்பின் பதம் அறிகிற காது உங்களுடையது. விளம்பரத்தைவிட அதையே நம்புங்கள்.