யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய மரங்கொத்தி



ஊரில் பொன்நிற முதுகுள்ள மரங்கொத்தி பனையைக் கொத்தும் என்று அம்மம்மா சொல்கிறார். பேரப்பிள்ளை கணினியில் "இலங்கை மரங்கொத்தி" என்று தேட, சிவப்பு முதுகுப் பறவையொன்று வருகிறது. அம்மம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று பிள்ளை நினைக்கிறது. ஒன்று ஆண், மற்றது பெண் என்று இன்னொருவர் சமாதானம் சொல்கிறார். இரண்டுமே பிழை.

நான் கணக்காளன் என்பதால் பேரேட்டை வைத்தே விளக்குகிறேன். பேரேட்டில் தலைப்பு, உபதலைப்பு, பதிவு என்று இருப்பதுபோல, உயிரியலில் குடும்பம், சாதி, இனம் என்று வரிசை உண்டு. மரங்கொத்திக் குடும்பத்துச் சாதிகளில் ஒன்று டினோபியம். இந்தியா தொடக்கம் ஜாவா, போர்னியோ, பிலிப்பைன்சின் பலவான் தீவு வரை இச்சாதிப் பறவைகள் பரந்துள்ளன. இன்றைய வகைப்பாட்டில் இதற்கு ஐந்து இனங்கள்.

அவற்றில் இரண்டு இலங்கையில் உண்டு. பொன்முதுகு இனம் இந்தியா முழுவதும் பரவலாக இருக்கிறது. இலங்கையில் பெரும்பாலும் வடக்கில் வாழ்கிறது. வடக்கிலுள்ள உபஇனத்துக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் "ஜஃப்னென்ஸ்", அதாவது யாழ்ப்பாணத்துக்குரியது. சிவப்பு முதுகு இனமோ தெற்கிலும் மத்தியிலும் வாழ்வது. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

ஆண், பெண் வேறுபாடு முதுகில் இல்லை, தலையில்தான். ஆணுக்கு உச்சி முழுவதும் சிவப்பு. பெண்ணுக்கு நெற்றிப்பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள். பின்கொண்டை மட்டும் சிவப்பு.

முன்பு இவ்விரண்டையும் ஒரே இனத்தின் உபஇனங்களாகவே எழுதிவைத்திருந்தார்கள். 2016இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நமது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளரும் சேர்ந்து உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, சிவப்பு முதுகு தனி இனம் என்பதை உறுதிப்படுத்தினார்கள். ஆனால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் அவை கலந்து இனப்பெருக்கம் செய்கின்றன. அங்கே செம்மஞ்சள் முதுகுள்ள பறவைகளும் உண்டு. பேரேட்டில் நாம் போடும் கோட்டைப் பறவைகள் அறியா.

ரொறன்ரோவில் டினோபியம் இல்லை. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த, கறுப்பும் வெள்ளையுமான சிறிய டௌனி மரங்கொத்தியை ஸ்காபரோவின் ரூஜ் பூங்காவில் பனிக்காலத்திலும் காணலாம். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். காட்டும்போது வீட்டிலுள்ள பெரியவர்களிடம், "உங்கள் ஊரில் மரங்கொத்தியின் முதுகு என்ன நிறம்?" என்று கேட்டு, ஊர்ப்பெயருடன் எழுதிவையுங்கள். அம்மம்மா சொன்ன நிறம், அவர் வாழ்ந்த ஊருக்குச் சரியான நிறம்.